பாஸ்டெட்டைத் தேடிப் போன படகு

“என் பாஸ்டெட் பிச்சாவரத்துல இருக்கா! யார் வர்றீங்க என்னோட?”

மதாம் ஜெசிந்தா நடுத்தெருவில் நின்று கைப்பேசியை ஆட்டினார். யாரோ சுற்றுலா வந்தவர் எடுத்த வீடியோ. சுரபுன்னை மர வேர்களுக்கு நடுவே இரண்டு கறுப்புக் காதுகள்!

மதாம் பிரான்ஸில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றுப் புதுச்சேரிக்குத் திரும்பியவர். வரும்போது ஒரு மதத்தையும் கையோடு கொண்டுவந்தார். பாஸ்டெட் என்பவள் பழைய எகிப்தின் பூனைத் தெய்வம். கோயில்களெல்லாம் மண்மூடிப் போன பிறகும், அந்தக் காலத்துத் தெய்வங்களை மறுபடி கும்பிடுகிற பேகன்கள் என்றொரு கூட்டம் பிரான்ஸில் இருக்கிறதாம். மதாம் தன் கறுப்புப் பூனைச் சிலைக்கு அத்தர் பூசுவார், வெண்கலக் கிலுகிலுப்பையை ஆட்டுவார். அதிலெல்லாம் தெருவுக்கு ஆட்சேபணை இல்லை. சிலை ஜன்னலில் தெருவைப் பார்த்து உட்கார்ந்ததுதான் வம்பு. வாசலில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது கறுப்புப் பூனை! நின்றுபோன நிச்சயதார்த்தம் முதல் பஞ்சரான டயர் வரை எல்லாப் பழியும் அதன் தலையில். போன மாதம் சிலை காணாமல் போனபோது “அடப்பாவமே” என்ற வாய்களெல்லாம் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தன.

இப்போது துணைக்குக் கூப்பிட்டால் ஆளாளுக்கு முட்டிவலி. எதிர்வீட்டு நிதர்சன் மட்டும், “நான் வரேன் மதாம்” என்றான். நல்ல பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். போன நேர்காணலிலெல்லாம் தோற்றுவிட்டு, பழியைப் பூனைமேல் போட்டு, அதைத் திருடி, பிச்சாவரத்துக்கு உல்லாசப் பயணம் போனபோது வேர்களுக்குள் வீசிவிட்டு வந்தவனே அவன்தான். கூடப் போனால் தேடலைத் திசைதிருப்பலாம் என்பது அவன் கணக்கு. அவன் தங்கை இந்துஜாவும் ஒட்டிக்கொண்டாள்.

பிச்சாவரத்தில் படகுக்காரர் கலியமூர்த்தி துடுப்பு வலித்தார். கால்வாய் குறுகியது. வேர்கள் நாலாபக்கமும் தண்ணீரில் கால் ஊன்றி நின்றன.

மதாம் ஒரு ரொட்டியை எடுத்துக் கண்மூடி முணுமுணுத்தார். பிறகு அதை நிதர்சனிடம் நீட்டினார். “அவளுக்குப் படைச்சாச்சு. சாப்பிடு.”

அவன் மென்றான்.

“அவ வீட்டைக் காக்கிறவ. உனக்கு வேலை கெடைக்கணும், உங்க வீட்டைப் பாத்துக்கோன்னு அவகிட்ட சொல்லித்தான் உங்க வாசலைப் பாக்க உக்கார வச்சேன்.”

ரொட்டி தொண்டையிலேயே நின்றது.

“என்னாண்ணா, முகம் இப்படிப் போவுது? பேய் கீய் பாத்தியா?” என்றாள் இந்துஜா.

“அதோ!” என்று மதாம் கத்தினார். இடப்பக்க ஓடையில், வேர்களுக்கு அப்பால் கறுப்பாக ஏதோ தெரிந்தது.

“அங்க வேணாம்மா! சேறு ஆளையே இழுத்துரும். தண்ணி வேற ஏறுது!” கலியமூர்த்தி பதறினார்.

மதாம் கேட்டால்தானே! ஒரு கால் ஏற்கெனவே படகுக்கு வெளியே இருந்தது.

சும்மா இருந்தால் நிதர்சன் தப்பிப்பான். அந்த ஓடையில் சிலை இல்லை என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

“மதாம், இறங்காதீங்க! அது அங்க இல்ல! முன்னாடி, சாஞ்ச மரத்துக்கு அடியில!”

கறுப்பு உருவம் சிறகு விரித்துப் பறந்தது. நீர்க்காகம்!

“உனக்கெப்படித் தெரியும்?” என்றாள் தங்கை.

“நான்தான் தூக்கிப் போட்டேன்.”

துடுப்பு நின்றது. மதாம் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். முன்னால் போகச் சொல்லிக் கலியமூர்த்திக்குக் கைகாட்டினார்.

சாய்ந்த மரத்தடியை ஏறிய தண்ணீர் மூடியிருந்தது. நிதர்சன் குதித்தான்! சேறு தொடை வரை கவ்வியது. மூச்சடக்கி மூழ்கித் துழாவினான். சிப்பிகள் விரலைக் கீறின. முதல் முழுக்கில் வெறும் வேர். மறுபடி மூழ்கினான். வழவழவென்று ஒரு தலை!

“கிடைச்சிருச்சு!”

கலியமூர்த்தி நீட்டிய துடுப்பைப் பிடித்து ஏறினான். ஒரு காது உடைந்திருந்தது. மதாம் சிலையை முந்தானையால் துடைத்தார். “இதை நீயே தூக்கிட்டு வா. தெரு பாக்கட்டும்.”

புதுச்சேரி திரும்பியபோது தெருவே கூடி நின்றது. முட்டிவலிக்காரர்கள்தான் முன்வரிசை. “எந்தக் களவாணிப்பய எடுத்தது?” என்று ஆர்வமாகக் கேட்டார்கள்.

“நான்தான்,” என்றான் நிதர்சன். “இது போனா நல்லதுன்னு நாம எல்லாரும்தானே பேசிக்கிட்டோம்? எடுத்தது நான்.”

சேறு காய்ந்த சட்டையோடு அவன் மதாமின் படியேறினான். ஒப்புக்கொள்கிற அன்றைக்கு மானம் போகும், ஆனால் சோறு இறங்கும். அவ்வளவுதான் அவன் கற்றது. திரும்பிப் பார்த்தால் தெருவில் ஒருவரும் இல்லை. எல்லோருக்கும் திடீரென்று அடுப்பில் ஏதோ தீய்ந்துகொண்டிருந்தது.