வீதியில் நின்ற ஒட்டகம்

தனுசியாவின் கையில் ஒரு பேனை கிடைத்துவிட்டால் எந்த விலங்கும் நிம்மதியாக இருக்க முடியாது. முதலில் அதன் பெயரைப் பிடித்துக்கொள்வாள். வாய்க்குள்ளேயே நாலு தரம் சொல்லிப் பார்ப்பாள். பிறகு படம் கீறத் தொடங்கிவிடுவாள்.

கரடி என்றால் அதன் கையில் கரண்டி இருக்கும். மணிப்புறாவின் வயிற்றில் மணிக்கூடு இருக்கும். பல்லிக்கு வாய் நிறையப் பல்லும், அதைத் துலக்க ஒரு பிரஷும் இருக்கும். மாட்டையாவது சும்மா விடுவாளா? அதற்கு மூன்று மாடி கட்டி, ஜன்னல் வைத்து, உச்சியில் ஒரு தண்ணீர்த் தாங்கியும் வைத்துவிடுவாள்.

அவளுடைய கணக்குக் கொப்பியின் ஓரமெல்லாம் இந்தக் கூட்டம்தான். ஒருநாள் நீளக் கழுத்தோடு ஒரு கழுதையை வரைந்திருந்தாள். ஆசிரியை கொப்பியைத் திருப்பித் தந்தபோது, 'கணக்குப் பிழை. கழுதை நன்று' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். அம்மா சிவகௌரி அதைப் பார்த்துவிட்டு, சிரிப்பதா ஏசுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார்.

தனுசியாவின் தம்பி கஜானனுக்கு ஆறு வயது. கொய்யா மரத்தில் ஏறி, பழத்தோடு சேர்ந்து தானும் கீழே விழுந்து, இடக்கையை முறித்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் முழங்கைக்கு மேலிருந்து விரல் வரைக்கும் வெள்ளைப் பிளாஸ்டர் போட்டு அனுப்பினார்கள்.

கை பாரமாக இருந்தது. உள்ளே கடித்தது. சொறியவும் வழியில்லை. கஜானன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு மூலையில் இருந்தான்.

தனுசியா கறுப்புப் பேனையோடு அவன் பக்கத்தில் போய் இருந்தாள்.

"கஜா, எலும்பு ஒட்டவேணும் எண்டால் ஆரைக் கூப்பிடவேணும், சொல்லு பாப்பம்?"

"டொக்டரை."

"இல்லை, ஒட்டகத்தை!"

கஜானன் ஒரு நிமிடம் யோசித்தான். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். விழுந்த நாளிலிருந்து அவன் சிரித்தது அன்றுதான்.

அந்தப் பிளாஸ்டரில் பெரிதாக ஓர் ஒட்டகம் வந்தது. அதன் திமிலிலும் முழங்காலிலும் துண்டு துண்டாக ஒட்டுப் போட்டிருந்தது. அடுத்த நாள், முதலாம் இடம் எடுத்து வெற்றிக் கிண்ணத்தோடு நிற்கும் முதலை வந்தது. அதற்குப் பிறகு, நாலு காலிலும் குதி உயர்ந்த சப்பாத்துப் போட்ட குதிரையும், பானைபோல வயிறு ஊதி வண்டி வைத்த வண்டும் வந்து சேர்ந்தன. கஜானன் எல்லாவற்றுக்கும் குட்நைட் சொல்லிவிட்டுத்தான் படுப்பான். ஒட்டகத்துக்கு மட்டும் இரண்டு தரம் சொல்வான்.

எலும்பு ஒட்டிவிட்டது. பிளாஸ்டரை வெட்டும் நாளும் வந்தது. பள்ளிக்கூட விடுமுறை என்பதால் தனுசியாவும் கொடிகாமத்தில் அம்மாவோடும் தம்பியோடும் பஸ் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் பிளாஸ்டர் போடுகிறவரும் வெட்டுகிறவரும் ஒருவர்தான். பெயர் ஜெயசுதன். கஜானனின் கையைப் பார்த்ததும் அவருக்கு வாயெல்லாம் பல்.

"என்னடா தம்பி, ஒரு மிருகக்காட்சிச்சாலையையே காவிக்கொண்டு திரியிறாய்!"

"அக்கா கீறினவா," என்றான் கஜானன் பெருமையாக. "இது ஒட்டகம். இதுதான் பெரியவர்."

பக்கத்துக் கட்டிலில் தம்பிஐயா என்ற பெரிய மீசைக்காரர் படுத்திருந்தார். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து காலை முறித்தவர். அவருடைய காலில் சுற்றிய புதுப் பிளாஸ்டர் இன்னும் ஈரமாக இருந்தது.

ஜெயசுதன் ஒரு நீலப் பேனையை எடுத்தார். பெருவிரல் பக்கமாக மேலிருந்து கீழே ஒரு நீளக் கோடு போட்டார். சுண்டுவிரல் பக்கமாக இன்னொரு கோடு போட்டார்.

"இந்தக் கோடு ரெண்டிலையும் வெட்டினால், பிலாப்பழம் மாதிரிப் பிளந்து கையை வெளியிலை எடுக்கலாம். சரியோ?"

சொல்லிக்கொண்டே அவர் மின்வாளைப் போட்டார். கர்ர்ர் என்று அது இரைந்தது.

கஜானன் கோட்டைப் பார்த்தான். அவ்வளவுதான். கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கூரை கிளம்புகிற மாதிரிக் கத்தினான்.

"மாட்டன்! மாட்டன்! வெட்டவேண்டாம்!"

"பயப்பிடாதை அப்பன். இஞ்சை பார், இந்த வாள் சுத்தாது, நடுங்கும் மட்டும்தான். தோலை வெட்டாது," என்று ஜெயசுதன் வாளைத் தன் உள்ளங்கையிலேயே வைத்துக் காட்டினார். கஜானன் திரும்பியும் பார்க்கவில்லை.

"உதென்ன சத்தம்!" என்று தம்பிஐயா அதட்டினார். "ஆம்பிளைப் பிள்ளை இப்பிடிக் கத்துறதோ?" சொன்ன கையோடு அவர் காலைக் கொஞ்சம் அசைத்துவிட்டார். "ஐயோ, அம்மா!" என்று அவர் போட்ட சத்தத்தில் கஜானனின் சத்தமே அமுங்கிப்போனது.

அம்மா கெஞ்சினார், ஏசினார், பிறகும் கெஞ்சினார். ஒன்றும் சரிவரவில்லை.

"இப்பிடித் துள்ளினால் வெட்ட ஏலாது அக்கா," என்றார் ஜெயசுதன். "வாற வியாழக்கிழமை கொண்டு வாங்கோ. அதுக்கு மேலை விட்டால் முழங்கை இறுகிப்போம். அண்டைக்கும் இதே கதை எண்டால், நாலுபேர் பிடிச்சு அமத்தித்தான் வெட்டவேண்டி வரும். எனக்கும் அது விருப்பமில்லை."

நாலு பெரியவர்கள் சேர்ந்து தம்பியைக் கட்டிலில் அமத்திப் பிடிப்பதைத் தனுசியா நினைத்துப் பார்த்தாள். பஸ்ஸில் வீடு வரும்வரை அந்த நினைப்பு போகவேயில்லை.

"வாளுக்குப் பயந்திட்டான்," என்று அம்மா அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் சொன்னார். அக்கம்பக்கமும் ஆளுக்கொரு புத்தி சொன்னது. கடைசியில் அம்மா, "கத்தாமல் இருந்தால் ஐஸ்கிறீம் வாங்கித் தருவன்," என்றார்.

"எனக்கு ஐஸ்கிறீம் வேண்டாம்," என்றான் கஜானன்.

தனுசியா திடுக்கிட்டாள். கஜானன் ஐஸ்கிறீம் வேண்டாம் என்கிறானா? இது வெறும் வாளுக்குப் பயந்த கதை இல்லை என்று அவளுக்குப் பட்டுவிட்டது.

பின்னேரம் அவனைக் குளிக்க வார்ப்பதற்காக, பிளாஸ்டர் நனையாமல் ஒரு சொப்பிங் பையைச் சுற்றிக் கட்டினாள்.

"இறுக்கிக் கட்டாதை அக்கா. ஒட்டகத்துக்கு மூச்சு முட்டும்."

"சரி, சரி. கொஞ்சம் இளக்கி விடுறன்." தனுசியா முடிச்சைத் தளர்த்தினாள். பிறகு மெல்லக் கேட்டாள். "கஜா, அந்த வாளுக்கோ பயந்தனி?"

அவன் தலையை ஆட்டி இல்லை என்றான்.

"அப்ப ஏன் அவ்வளவு கத்தினனி?"

"அந்த அண்ணை கோடு போட்டவர்தானே." அவன் பிளாஸ்டரைத் தொட்டுக் காட்டினான். "அது ஒட்டகத்தின்ரை வயித்துக்குள்ளாலை போகுது. ஒட்டகத்தை ரெண்டா அறுக்கப் போறார்."

தனுசியா பையைக் கழற்றி, அப்போதுதான் கோட்டை உற்றுப் பார்த்தாள். அவன் சொன்னது உண்மைதான். நீலக்கோடு ஒட்டகத்தின் வயிற்றுக்கு நடுவே நேராக ஓடியது. ஒட்டகத்தின் தலை ஒரு பக்கம், வால் மறுபக்கம். மற்றக் கோடு முதலையின் வாலை வெட்டிக்கொண்டு போனது. மற்றவை தப்பிவிட்டன.

அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. அந்த ஒட்டகத்தை அவ்வளவு பெரிதாக இழுத்து வரைந்தது அவள்தானே!

"நான் ஒரு பேப்பரிலை இதே ஒட்டகத்தைக் கீறித் தாறன்."

"அது வேறை ஒட்டகம். இதுதான் என்னோடை நித்திரை கொண்டது."

"அப்ப ஒரு போட்டோ எடுத்து வைப்பம்."

"போட்டோ எடுத்தாப் பிறகும் அறுப்பினம்தானே?"

தனுசியா பையைத் திரும்பக் கட்டி, அவனுக்குத் தண்ணீர் வார்த்தாள்.

மறுநாள் இருவரும் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கக் கடைக்குப் போனார்கள். ஏ-ஒன்பது வீதியைக் கடந்துதான் கடைக்குப் போகவேண்டும். அங்கே ஒரே ஹோர்ன் சத்தம். வீதியின் நட்டநடுவில் ஒரு பசுமாடு நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணம் போகிற பஸ் அதன் மூக்குக்கு முன்னால் நின்று கத்தியது. மாடு காதைக்கூட ஆட்டவில்லை.

மரக்கறிச் சாக்கோடு சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கினார். மாட்டின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "அங்காலை போ, ஆத்தை!" என்றார். மாடு சோம்பலாக ஓரத்துக்கு நடந்து போய், அங்கே படுத்துக்கொண்டது. பஸ் போனது. மாடு அசைபோட்டது. எல்லாம் சரி.

தனுசியா அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, வா! றோட்டு வெறுமையாக் கிடக்கு," என்று கஜானன் இழுத்தான்.

"ஓம் கஜா, றோட்டுத்தான்! உன்ரை கையிலையும் ஒரு றோட்டுக் கிடக்கு!"

பாண் வாங்கியதும் இருவரும் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தார்கள். தனுசியா கறுப்புப் பேனையையும், எழுத்துப் பிழையை மறைக்கும் வெள்ளை டிப்பெக்ஸையும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நீலக்கோட்டின் இரண்டு பக்கமும் கறுப்புக் கரை போட்டாள். ஓரத்தில் கிலோமீற்றர் கல்லும், ஒட்டகத்தின் தலை இருந்த பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடையும் வைத்தாள்.

"இது ஏ-ஒன்பது றோட்டு. அந்த அண்ணையின்ரை வாள் இருக்கெல்லே, அது லாண்ட்மாஸ்டர் உழவு மிசின். அதுதானே கர்ர்ர் எண்டு இரையுறது. அது றோட்டாலைதான் போகும். ஓரத்திலை நிக்கிற ஆக்களை ஒண்டும் செய்யாது."

கஜானன் குனிந்து பார்த்தான். "ஒட்டகம் நடு றோட்டிலை நிக்குது அக்கா."

"அதைத்தான் இப்ப ஓரமாக்கப் போறம். நீ சொல்லு, அது எந்தப் பக்கம் போகட்டும்?"

அவன் நெடுநேரம் யோசித்தான். ஒட்டகத்தின் தலையைத் தடவினான். "தேத்தண்ணிக் கடைப் பக்கம்," என்றான்.

தனுசியா வீதிக்கு மறுபக்கம் கிடந்த வயிற்றையும் பின்னங்காலையும் டிப்பெக்ஸால் மறைத்தாள். கடைப் பக்கத்தில், காலை மடித்து ஒட்டகத்தை இருத்தினாள். வாலையும் சுருட்டிப் பக்கத்தில் வைத்தாள். பழைய பிளாஸ்டர் அழுக்காகியிருந்ததால் டிப்பெக்ஸ் பூசிய இடம் பளிச்சென்று தெரிந்தது.

"இன்னொரு ஒட்டு!" என்று கஜானன் சிரித்தான்.

"மற்றப் பக்கம் என்ன?" என்று அடுத்ததாகக் கேட்டான்.

"மற்றப் பக்கம் தண்டவாளம்." தனுசியா இரண்டாவது கோட்டுக்குக் குறுக்கே சிலிப்பர்க் கட்டைகளைப் போட்டாள். "ஏ, முதலை! வாலை எடும் பாப்பம், றெயில் வருது!"

முதலையின் வால் மடங்கி, கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டது.

அடுத்த வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் ஜெயசுதனுக்குத் துணையாக உண்மையாகவே மூன்று பேர் வந்து நின்றார்கள். தம்பிஐயாவும் காலைக் காட்ட வந்து, ஊன்றுகோலோடு சுவரோர வாங்கில் உட்கார்ந்திருந்தார். அம்மா கஜானனின் தோளை இறுகப் பிடித்தார்.

கஜானன் தானாகவே கட்டிலில் ஏறி இருந்து கையை நீட்டினான்.

"அண்ணை, றோட்டாலை மட்டும் போகவேணும். கரைக்கு வரப்படாது. ஒட்டகம் இருந்து தேத்தண்ணி குடிக்குது."

ஜெயசுதன் கையைப் பார்த்தார். ஒட்டகம் முன்பு நின்ற இடத்தையும் பார்த்தார். பிறகு தனுசியாவைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"ஓ, இதுக்கோ அண்டைக்கு அந்தக் கத்துக் கத்தினவன்!" அவர் துணைக்கு வந்தவர்களிடம், "நீங்கள் போகலாம், இஞ்சை ஒரு வேலையும் இல்லை," என்றார். வாளை எடுத்துக்கொண்டு கஜானனிடம் கேட்டார். "றோட்டு வெறுமையோ ஐயா?"

"வெறுமை. வாங்கோ!"

கர்ர்ர் என்று லாண்ட்மாஸ்டர் ஏ-ஒன்பது வீதியில் இறங்கியது. வெள்ளைத் தூசி பறந்தது. கஜானன் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். வாள் தேத்தண்ணிக் கடையைத் தாண்டும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டான். ஒட்டகத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை.

"இனி றெயில் பாதை. கேற் போட்டாச்சோ?"

"போட்டாச்சு!"

றெயிலும் போனது. ஜெயசுதன் பிளாஸ்டரைப் பிளந்து, கையை மெதுவாக வெளியே எடுத்தார். கை மெலிந்து, வெளிறி, தோல் உரிந்து கிடந்தது. கஜானன் அதை மணந்து பார்த்தான்.

"சீ! செத்த மீன் மணக்குது!"

அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவனுடைய உச்சியில் கொஞ்சிவிட்டு, முந்தானையால் அந்தக் கையைத் துடைத்தார். ஜெயசுதன் பிளாஸ்டரின் இரண்டு பாதிகளையும் குப்பை வாளியில் போடாமல், ஒரு பையில் வைத்துக் கொடுத்தார். ஒட்டகம் முழுதாக ஒரு பாதியில் இருந்தது. முதலையும் வாலோடுதான் இருந்தது.

அவர்கள் வெளியே போகப் புறப்பட்டபோது வாங்கிலிருந்து ஒரு செருமல் கேட்டது.

"பிள்ளை," என்று தம்பிஐயா தாழ்ந்த குரலில் தனுசியாவைக் கூப்பிட்டார். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தார். மீசையை ஒரு தரம் தடவினார். பிறகு தன் வெள்ளைக் காலைக் கொஞ்சம் முன்னே நீட்டினார். "எனக்கும்... சின்னதா ஒண்டு கீறி விடுறியே? அந்த வண்டி வச்ச வண்டெண்டாலும் பரவாயில்லை."

தனுசியா சிரித்துக்கொண்டே பேனையை எடுத்தாள். ஆனால் அவள் குனிவதற்குள் கஜானன் குறுக்கே வந்து நின்றுகொண்டான்.

"பொறு அக்கா," என்றான், எல்லாம் தெரிந்த ஆளைப்போல. "முதல் றோட்டைக் கீறு."