வடக்கு வாசலில் நில்

டம்ளரை மேஜைமேல் வைத்தபோது சத்தம் வரவில்லை. ரமேஷ்பாபு கையை எடுத்து, மீசையில் ஒட்டிய சாயாவைத் துடைத்து, நாற்காலியில் சாய்ந்த பிறகுதான் 'டக்' என்றது.

அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. மட்டாஞ்சேரி மழையில் ஊறிய பழைய வீடு. கதவு ஒரு மாதிரி முனகும், கூரை ஒரு மாதிரி முனகும். டம்ளர் கொஞ்சம் நிதானமாகப் பேசினால் என்ன, குடியா முழுகிவிடும்? தவிரவும் அவர் அரசாங்க உத்தியோகஸ்தர். தாமதம் அவரைத் திடுக்கிட வைக்காது.

உறுத்தியது வாசனைதான். அவர் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் சுக்குக் கிடங்கு. படுக்கை, துவைத்த சட்டை, குழம்பு எல்லாவற்றிலும் வருஷம் முழுக்க சுக்கு மணக்கும். அந்த மணம் இருப்பதே மறந்துபோகும் அளவுக்கு மணக்கும். அன்று சாயங்காலம் அது இல்லை. அதன் இடத்தில், காற்றுப் புகாத அறையில் நெடுநேரம் ஓடிய ஜெனரேட்டரின் டீசல் புகை, கசப்பாக, தொண்டையின் அடியில் போய் உட்கார்ந்தது.

"கிடங்குல ஜெனரேட்டர் ஓடுதா?" என்று கேட்டார்.

"கரண்ட் இருக்கப்ப எதுக்கு ஓட்டணும்?" அடுக்களையில் கப்பைக் கிழங்கை வேகவைத்துக்கொண்டிருந்த மனைவி செல்வலட்சுமி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "அந்த ஃபோனைப் பாத்துப் பாத்து கண்ணு போச்சு. இப்ப மூக்குமா?"

அந்த ஃபோனுக்குள் அவர் மகாசேனாதிபதி. பட்டத்தை அவரே தனக்கு வழங்கிக்கொண்டார், போட்டி இருக்கவில்லை. அலுவலகத்தில் அவர் உள்ளே வந்தால் மின்விசிறிகூடத் திரும்பாது. ஆனால் அந்த இணைய விளையாட்டில் நாற்பது பேர் கொண்ட படை அவருக்குக் கீழே. காக்கநாட்டில் மென்பொருள் எழுதுகிறவர்கள், கலூரில் ஹோட்டல் வைத்திருப்பவர்கள், பேரன் எடுத்தவர்கள். சேனாதிபதி கொம்பு ஊதும்வரை நின்ற இடத்தைவிட்டு ஒருவரும் நகரக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தார். திரையின் மூலையில் ஒரு கொம்பின் படம் இருக்கும். அதை அமுக்குமுன் அவர் வேண்டுமென்றே கொஞ்சம் காத்திருப்பார். நாற்பது பேர் தன் கட்டைவிரலுக்காக நிற்கும் அந்தச் சுகத்துக்காகவே பாதிப் போர்களில் தோற்றார்கள்.

தோல்விக்கு வேறொரு காரணம் சொல்லப்பட்டது. பிச்சைமணி.

மூன்று வீடு தள்ளியிருக்கும் ஆவுடையம்மாளின் ஒரே மகன். வளைகுடாவில் ஏதோ ஒரு கிடங்குக்குக் காவல்காரன். அவனுடைய இணைப்பு நொண்டும். 'வெட்டு' என்றால், எதிரி போய்ச் சேர்ந்த பிறகு அவன் வாள் காற்றை வெட்டும். பேசினால் ஒரு மூச்சு விட்டு எடுக்கும் நேரம் கழித்துத்தான் குரல் வரும்: "சரி அண்ணாச்சி." படையில் அவனுக்கு 'நாளைக்கு வர்றவன்' என்று பேர்.

பிறகு விளையாட்டுக் கம்பெனி அந்த உலகத்தை இரண்டாகப் பிரித்தது. இந்தியாவுக்கு ஒன்று, வளைகுடாவுக்கு ஒன்று. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலத்தோடு நடுவில் சுவர். படைத்தலைவர்கள் விரும்பினால் அந்தப் பக்கத்து ஆளை இந்தப் பக்கம் அழைத்துக்கொள்ளலாம். ஒரு அழைப்பு, ஒரு விரல் அமுக்கு.

"சேட்டா, அந்த நாளைக்கு வர்றவனை அங்கேயே விட்டுருங்க" என்றான் ஜிதின், அவருடைய உபதளபதி. "சுவர் வந்தா நமக்கு லாபம்."

ரமேஷ்பாபு சம்மதித்தார். ஆனால் பிச்சைமணியிடம் எப்படிச் சொல்வது? அவன் அம்மா வாரம் தவறாமல் மீன்குழம்பு கொடுத்தனுப்புகிறாள். தவிர, அவர் உத்தியோக வாழ்க்கையில் யாரிடமும் 'முடியாது' என்று சொன்னதே கிடையாது. 'வெளிய நில்லுங்க, கூப்பிடறேன்' என்பதோடு சரி. மனு கொண்டுவந்தவர்கள் கொஞ்ச நேரம் நிற்பார்கள். பிறகு தாமாகப் போய்விடுவார்கள். எவ்வளவு நாகரிகமான முறை!

"பிச்சைமணி, நீ வடக்கு வாசல்ல நில்லு. நான் கொம்பு ஊதி உன்னைக் கூட்டிக்கறேன். அதுவரைக்கும் நகராத."

ஒரு மூச்சு.

"சரி அண்ணாச்சி."

அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி முழுக்கப் பிச்சைமணி நின்றான். அந்தக் கிடங்கில் இணைப்பு எட்டுவது ஜெனரேட்டர் அறையில் மட்டும்தானாம். மணல்காற்று அடித்ததால் கதவைச் சாத்திக்கொண்டானாம். காலையில் திறந்தபோது உள்ளே புகைதான் இருந்ததாம். கையில் ஃபோன், ஃபோனில் வடக்கு வாசல், வாசலில் அவன் பொம்மை, ஆடாமல் அசையாமல்.

டீசல் மணத்த இந்தச் சாயங்காலம், கதவுத் திரைக்கு அப்பால் ஒரு கை உயர்ந்து தட்டிவிட்டுக் கீழே இறங்கியதை ரமேஷ்பாபு பார்த்தார். சத்தம் இல்லை. அந்தக் கை முந்தானையைச் சரிசெய்துகொண்ட பிறகு, தட்டல் வந்து சேர்ந்தது.

ஆவுடையம்மாள் உள்ளே வரவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடுகள் அசைந்து முடிந்தன. பிறகு கேட்டது.

"ஏ ரமேசு. ஒன்னுதான் கேக்கணும்யா. தூங்க விடமாட்டேங்குது. அவன் புகையில இருமிக்கிட்டாவது வெளிய வந்திருக்கலாமே. கதவு பூட்டலையாம். ஏன் வரல? கடைசியா உங்கூடத்தான பேசிக்கிட்டிருந்தான்?"

சொல்லிவிடலாம். நான்தான் நிற்கச் சொன்னேன் சித்தி. நாலே நாலு சொல். அவள் மாரில் அடித்துக்கொள்வாள், தெரு கூடும், ஜிதின் காதுக்குப் போகும், நாற்பது பேர் காதுக்கும் போகும். பரவாயில்லை, அவள் தூங்குவாள்.

"அன்னைக்கு நான் விளையாடவே இல்ல சித்தி. ஆபீஸ்ல வேலை."

அவள் தலையாட்டினாள். மழைக்குள் இறங்கிப் போனாள். போன பிறகும் அவளுடைய மூச்சு நிலைப்படியில் கேட்டுக்கொண்டிருந்தது.

ஃபோன் மேஜைமேல் தானாக ஒளிர்ந்தது. படையின் பட்டியல். கடைசியில், சுவருக்கு அந்தப் பக்கம் போனதால் வரவே முடியாத ஒரு பேர். பிச்சைமணி. வடக்கு வாசல். காத்திருக்கிறார்.

அவர் ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்து அடுக்களைக்கு நடந்தார். நின்றார். பின்னால் அவருடைய காலடிகள் நடந்து வந்து, முதுகுக்குப் பின்னால் நின்றன.

"செல்வி" என்றார். கேட்கவில்லை. அவருக்கே கேட்கவில்லை. செல்வலட்சுமி அடுப்பை அணைத்து, கப்பையை வடித்து, கையைத் துடைத்தாள். அப்புறம்தான் 'செல்வி' என்றது அறை. அவள் திரும்பினாள். அவர் நின்ற இடத்தைப் பார்த்தாள். இல்லை, அவர் நின்ற இடத்துக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தாள்.

"எங்க போனாரு இவர், குடைகூட எடுக்காம?"

ரமேஷ்பாபு ஓடினார். தெருவெல்லாம் புகை. மழையில் கரையாத புகை. ஆவுடையம்மாளின் கதவை இரண்டு கையாலும் அடித்தார். ஓசையில்லை. திறந்தே இருந்த சன்னலுக்குப் போனார். அவள் சாப்பிடாமல் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். நான்தான் நிற்கச் சொன்னேன். பொய் சொன்னேன். அவனை வேண்டாமென்று விட்டேன். ஆபீஸில் இல்லை, ஃபோன் என் கையில்தான் இருந்தது, கொம்பு என் கட்டைவிரலுக்குக் கீழேதான் இருந்தது. தொண்டை கிழிந்தது. சன்னல் கம்பியில் எச்சில் தெறித்தது.

ஒரு சொல் கேட்கவில்லை.

அவள் எழுந்து வந்தாள். முகத்துக்கு முகம். சாரல் அடிக்கிறதென்று சன்னலைச் சாத்தினாள்.

தெருவின் வடக்குக் கோடியில் சுக்குக் கிடங்கின் பெரிய இரும்பு வாசல். அதன் முன்னால் ஒருவன் நின்றான். காவல்காரச் சட்டை. முதுகு இந்தப் பக்கம். கொட்டும் மழையில் அவன் தோளிலிருந்து மணல் உதிர்ந்துகொண்டிருந்தது. காய்ந்த மணல்.

அவர் அவனிடம் நடந்து போகவில்லை. ஆனால் வாசல் கிட்டே வந்தது. இப்போது இருவரும் பக்கத்தில் பக்கத்தில்.

ஃபோன். மூலையில் கொம்பு. இவனை விடுதலை செய்துவிடலாம், இப்போதாவது. அமுக்கினார். கட்டைவிரல் நகம் வெளுக்க அமுக்கினார்.

சத்தம் வரவில்லை.

செல்வலட்சுமி குடையோடு வந்தாள். அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்க வேண்டும், வாய் அப்படித்தான் அசைந்தது. அவரை உரசுகிற தூரத்தில் கடந்து, வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். வீட்டு விளக்கு அணைந்தது. பிறகு மற்ற வீடுகள், ஒவ்வொன்றாக.

சத்தம் வரும். தாமதம்தான். வந்தால் போய்விடலாம்.

பக்கத்திலிருந்தவன் தலை மெல்லத் திரும்பத் தொடங்கியது. காதருகே குரல். முதல்முறையாக, கொஞ்சமும் தாமதமில்லாமல்.

"கொம்பு ஊதட்டும் அண்ணாச்சி. அதுவரைக்கும் நானும் நிக்கேன்."