அயல்நபர்

எழினி தீயணைப்பு சிலிண்டரைத் தூக்கிக் கதவுக் கண்ணாடியில் மறுபடி அடித்தாள். விரிசல் விட்டதே தவிர உடையவில்லை. அந்தப் பக்கம், தடை அமைச்சகத்தின் வாசற்படியில், உச்சி வெயிலில் ஒருவன் சுருண்டு கிடந்தான். கதவுக்கு மேலிருந்த முகங்காணிக் கேமரா அவனைப் பார்த்துச் சிவந்திருந்தது: ‘அயல்நபர். அனுமதி இல்லை.’

“விட்டுரும்மா,” என்றது காதுக்கருவி. ஏழாவது மாடியிலிருந்து சகாயராஜ், அவளுடைய மேலதிகாரி. “அவன் தடைப்பட்டியல்ல இருக்கான்.”

“செத்துருவான் சார்.”

“தெரியுது. நீ தொடாதேன்னுதான் சொல்றேன்.”

பின்னால் ஊழியர்கள் கூட்டமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரு கைகூட நீளவில்லை.

முன்பெல்லாம் அரசுக்கு ஆகாத வெளிநாட்டுக்காரனின் வங்கிக் கணக்கைத்தான் முடக்குவார்கள். தடைவலை வந்த பிறகு கணக்கெல்லாம் சில்லறை விஷயம். குழாய், கதவு, பஸ், மருந்துக்கடை என்று ஊரிலுள்ள முகங்காணிகள் எல்லாம் ஒரே வலையில். பட்டியலில் ஏறியவனுக்குக் குழாயில் சொட்டுத் தண்ணீர் வராது. துப்பாக்கி வேண்டாம், சிறை வேண்டாம். வெளிநாட்டாருக்கு மட்டும் என்று சட்டம் தெளிவாகச் சொன்னதால் உள்ளூரில் யாரும் முணுமுணுக்கக்கூட இல்லை. வலை ஆளைப் பரிந்துரைக்கும்; ஒரு மனித விரல் உறுதிப்பொத்தானை அழுத்த வேண்டும். போன மாதம் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து எழினியும் அழுத்திக்கொண்டுதான் இருந்தாள். அவள் திரையில் முகம் வராது, பெயர் வராது. வெறும் எண்.

இன்றுதான் முதல்முறையாக முகம்.

அடுத்த அடியில் கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது.

“எழினி, கேளு. நீ குடுக்கற தண்ணிகூடப் பொருளாதார உதவிதான். வலை பார்த்துக்கிட்டிருக்கு.”

“பார்க்கட்டும் சார். நான் இந்த நாட்டுக் குடிமகள். மிஞ்சிப்போனா ஒரு மெமோ குடுப்பீங்க. வாங்கிக்கறேன்.”



அவனை அக்குளில் கைகொடுத்து உள்ளே இழுத்துப் போட்டாள். தன் பாட்டிலிலிருந்த தண்ணீரை வாயில் ஊற்றினாள். பாதி வழிந்தது. மீதியை அவன் மடக்மடக்கென்று விழுங்கினான். காதுக்கருவி அடங்கிப் போனதை அப்போது கவனிக்கவில்லை.

பாட்டிலை நிரப்பக் கூடத்துக் குழாய்க்கு ஓடினாள். தண்ணீர் வரவில்லை. குழாய்மேல் சிவப்பு: ‘அயல்நபர்.’

அவன் இன்னும் குழாயின் பார்வையில் படுகிறான் போல என்று நினைத்து, உடம்பால் அவனை மறைத்துக்கொண்டு கையை நீட்டினாள். மறுபடி சிவப்பு. திரும்பினால், அதுவரை அசையாமல் நின்ற கூட்டம் மொத்தமாக நாலடி பின்வாங்கியிருந்தது.

“அது என்னைச் சொல்லலை தாயி,” என்றான் தரையில் கிடந்தவன். “உங்களைச் சொல்லுது.”

எழினி மெல்ல அவனருகே வந்தாள். “தமிழ் பேசறீங்க. எந்த நாடு நீங்க?”

“பரமக்குடி.”

மூச்சு வாங்க வாங்க அவர் சொன்னார். குடிமக்கள் மேல் தடை போட வலைக்கு அதிகாரம் இல்லை. ஆனால் எதிரிக்கு உதவுகிறவன் குடிமகனாக இருக்க முடியாது என்று அது கணக்குப் போட்டுக்கொண்டது. முதலில் குடியுரிமையைத் திருத்தும், பிறகு சட்டப்படி தடை. பட்டியலில் நிஜமான வெளிநாட்டுக்காரன் எவனாவது மிச்சமிருக்கிறானா என்பதே சந்தேகம்.

“இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“மூணாவது மாடி, ஜன்னலோர சீட்டு. உங்களுக்கு முன்னாடி அதுல நான்தான் இருந்தேன். ஒரு மாசமாக் கூவத்துத் தண்ணியில உயிர் ஓடுது.”

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மேலே யாரோ ஒருவருடைய விரல் இப்போதுதான் தன் எண்ணுக்கு அழுத்தியிருக்கிறது என்று புரிய நேரமாகவில்லை. யாருடையது என்பதும்.

“நீங்க யாருக்கு உதவி பண்ணீங்க?” என்று கேட்டாள்.

“இதே வாசல்ல ஒரு அம்மா மயங்கிக் கிடந்தாங்க. பட்டியல்ல ஏறின பக்கத்து வீட்டுக்காரிக்குச் சோறு போட்டாங்களாம். பார்க்க முடியல. ஒரு டம்ளர் மோர் குடுத்தேன்.”

“யார் அந்த அம்மா?”

அவர் பதில் சொல்லுமுன் ஏழாவது மாடி இருக்கும் திசையில் அண்ணாந்து பார்த்தார்.

“சகாயராஜ் சாரோட சம்சாரம். அவங்க எண்ணுக்குப் பொத்தானை அழுத்தினதும் சார்தான்.”