அவசரமில்லாதவை

‘அவசரம்’ என்பதை மட்டும் தேர்ந்தெடுத்து ஃபில்டர் போட்ட பிறகும் பட்டியலின் அடியில் ‘சாதாரணம்’ என்று ஒரு வரி தங்கிவிட்டது. விண்ணரசி மறுபடி போட்டுப் பார்த்தாள். போகவில்லை.

கத்தாரில் ஒரு கட்டுமானக் கம்பெனி. அங்கே தமிழ் ஆட்கள் செல்போனில் அனுப்பும் அறிக்கைகளைக் கீழ்வேளூரில் வீட்டிலிருந்தபடியே சலித்து, அவசரமானதை மட்டும் மேலாளர் ஆண்டனிக்கு அனுப்புவது அவள் வேலை. அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன் அங்கே வெல்டராக இருந்த அவள் கணவன் ரெமிஜியஸ். எதையும் குறிக்காமல் அனுப்பினால் அறிக்கை சாதாரணத்தில்தான் விழும். சாதாரணத்தை மறைத்துவிடச் சொல்லியிருந்தார் ஆண்டனி. மறைத்தாள். தண்ணீர்த் தொட்டிக்குள் மூச்சுமுட்டி ரெமிஜியஸ் செத்த பிறகுதான் ஃபில்டரை எடுத்துப் பார்த்தாள். அவன் பெயரில் மூன்று வரிகள், மூன்று நாட்களில். ‘தொட்டிக்குள்ள காத்து இல்ல.’ அவசரம் என்று குறிக்க அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

பெட்டியைத் திறக்காமலே அடக்கம் செய்து இருபது நாளாகிறது.

ஐப்பசி அடைமழை. நாலு மணிக்கே வீடு இருண்டு, பெட்டியோடு வந்து, துவைத்துப் போட்டும் கொடியில் காயாத அவன் சட்டைகளின் புழுங்கல் வாடையும், கொல்லைக்கு அப்பால் மூழ்கிக் கிடந்த சம்பா வயல்களிலிருந்து தவளைகளின் ஓயாத கத்தலும் அறை முழுக்க நிறைந்திருந்தன. அவள் அந்த வரியைத் திறந்தாள்.

ரெமிஜியஸ். இன்று, 4.10.

‘இங்கயும் காத்து இல்ல.’

ஆண்டனிக்குப் போன் செய்தாள். யாரோ விளையாடுகிறார்களா என்று கேட்டாள்.

“ரெமி ஐடிய அன்னைக்கே எடுத்தாச்சும்மா. எனக்கு இங்க எதுவும் காட்டல. நீங்க கொஞ்சம் படுத்து எந்திரிங்க.”

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வரி விழுந்தது. இடம்: கீழ்வேளூர்.

‘தண்ணி உள்ள எறங்குது.’

போனை வைத்தாள். தவளைச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. சாதாரணத்தை எடுத்துவிட்டு ‘அவசரம்’ என்று மாற்றினாள். பொறுப்பு என்ற கட்டத்தில் தன் பெயரைப் போட்டாள்.

‘விண்ணு, பாத்துட்டியா?’

“பாத்துட்டேங்க,” என்றாள். “இப்பதாங்க பாத்தேன்.”

ஓடினாள். செருப்பில்லை. குடையில்லை.

கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம். முழங்கால் அளவு தண்ணீர். மழை விட்டிருந்தது. அவன் குழியின் மண் உள்வாங்கி, மரச்சிலுவை சாய்ந்து கிடந்தது. கலங்கிய தண்ணீரின் நடுவே ஒரு குமிழி வந்து உடைந்தது.

ரொம்ப நேரம் கழித்து, இன்னொன்று.

காத்திருந்தாள்.

அதற்குப் பிறகு வரவில்லை.

மண்டியிட்டாள். நெஞ்சு கொள்ளுமட்டும் மூச்சை இழுத்தாள். முகத்தைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, சேற்றில் வாய் வைத்து ஊதினாள்.

ஒரு குமிழிகூட மேலே வரவில்லை. அடியிலிருந்து அந்த மூச்சு இழுபட்டது.

மெதுவாக. விடாமல்.