பெரிய எழுத்தெல்லாம் தலைப்பு இல்லை

தாம்பரத்துப் பள்ளி ஒன்றின் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலப் பறவைகளைப் பற்றி ஓர் இணையப் பக்கம் தயாரித்திருந்தார்கள். மறுநாள் ஆண்டு விழாவில் அதைத் திறந்து வைப்பதாக ஏற்பாடு.

விவரங்களை எழுதியவள் டெபோரா. பக்கத்தை அழகாக்கியவன் குமரவேல். முப்பது பறவைகளின் பெயர்களும் தடித்த சிவப்பு எழுத்தில் பளிச்சென்று தெரிந்தன. பறவைகளின் சத்தங்களைப் பதிவு செய்தவள் சுபத்ரா.

சுபத்ராவுக்குப் பார்வை கிடையாது. சதுப்பு நிலத்துக்குப் போன அன்று எல்லோரும் பைனாக்குலருக்குச் சண்டை போட்டார்கள். அவள் மட்டும் போனை நீட்டிப் பிடித்தபடி, "உஷ்! கொஞ்சம் வாயை மூடுங்கப்பா, தாழைக்கோழி கத்துறது கேக்கல" என்று அதட்டிக்கொண்டே இருந்தாள்.

விழாவுக்கு முந்தின நாள் மதியம் கம்ப்யூட்டர் லேபில் அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பக்கத்தைத் திறந்தாள். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் அவளுடைய லேப்டாப்பில் உண்டு. 'எச்' எழுத்தைத் தட்டினால் அது ஒரு தலைப்பிலிருந்து அடுத்த தலைப்புக்குத் தாவும்.

தட்டினாள். மறுபடியும் தட்டினாள். முகம் சுருங்கியது.

"டெபோரா, இங்க வாடி. இந்தப் பக்கத்துல மொத்தமே ஒரு தலைப்புதான் இருக்கு."

"முப்பது பறவை இருக்கே! எந்தத் தலைப்பு?"

"'குப்பை போடாதீர்கள்.'"

டெபோரா சிரித்துவிட்டாள். சுபத்ரா சிரிக்கவில்லை.

"நான் பதிவு பண்ண நீலத் தாழைக்கோழி இருபத்தி மூணாவது. அதுக்குப் போகணும்னா முதல்லேருந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே வரணும். என் கோழியைக் கேக்க எனக்கே அரை மணி நேரம் ஆகுது."

டெபோராவின் சிரிப்பு நின்றது. பக்கத்துக்குப் பின்னால் இருந்த நிரல் வரிகளைத் திறந்து பார்த்தாள். பறவைகளின் பெயர்களுக்குக் குமரவேல், தலைப்பு என்று குறிக்கும் டேக் போடவே இல்லை. எழுத்தைப் பெரிதாக்கி, போல்டு செய்து, சிவப்பு பூசியிருந்தான், அவ்வளவுதான். கடைசியில் இருந்த 'குப்பை போடாதீர்கள்' என்ற வரிக்கு மட்டும் தலைப்பு டேக் இருந்தது.

"ஏன்டா இதுக்கு மட்டும் போட்ட?" என்று பக்கத்தில் இருந்த குமரவேலைக் கேட்டாள்.

"அது போட்டா எழுத்து பெருசா, பட்டையா வருது. கரெக்டான சைஸ்" என்றான் குமரவேல்.

"அந்த டேக் பெருசா காட்டுறதுக்கு இல்லடா. 'இதுதான் தலைப்பு'ன்னு கம்ப்யூட்டர்கிட்ட சொல்றதுக்கு. பெருசா வர்றது சும்மா கூடவே வருது."

"பாக்க ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு? இனிமே கை வெச்சா என் டிசைன் போயிடும்."

டெபோரா நேராகக் கம்ப்யூட்டர் டீச்சர் ஷீலா மிஸ்ஸிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். மிஸ் மணியைப் பார்த்தார்.

"நாலு மணிக்குள்ள ஸ்கூல் வெப்சைட்டுக்கு அனுப்பணும், டெபோரா. ஹெச்.எம். பார்த்து ஓகே சொல்லிட்டாங்க. எதையும் மாத்தாம அப்படியே அனுப்பு."

"முடியாது மிஸ்."

லேபில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டெபோராவுக்குக் காது சூடாகியது. ஆனாலும் நகரவில்லை.

"என்ன சொன்ன?"

"அனுப்ப மாட்டேன் மிஸ். நீங்க அனுப்புறதா இருந்தா என் பேரை எடுத்துட்டு அனுப்புங்க."

"என் பேரையும் எடுத்துடுங்க மிஸ்" என்று பின்னாலிருந்து சுபத்ராவின் குரல் வந்தது. "என் கோழி, நாரை, மீன்கொத்தி எல்லாத்தையும் நான் திருப்பி எடுத்துக்கறேன்."

"ஐயோ, சத்தம் இல்லேன்னா அந்தப் பக்கத்துல என்னடி இருக்கு?" என்று குமரவேல் அலறினான்.

மிஸ்ஸின் முகம் சிவந்தது. "இது என்ன பிடிவாதம்?"

டெபோரா சுபத்ராவின் லேப்டாப்பை எடுத்து வந்து மிஸ்ஸின் முன்னால் வைத்தாள். திரையின் வெளிச்சத்தை முழுக்கக் குறைத்தாள். திரை கறுப்பானது. ஹெட்போனை நீட்டினாள்.

"'எச்' தட்டித் தட்டி, கூழைக்கடா எங்க இருக்குன்னு கண்டுபிடிங்க மிஸ். ஒரே ஒரு தடவை. அப்புறம் திட்டுங்க."

மிஸ் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். 'எச்' தட்டினார். கொஞ்ச நேரம் கேட்டார். மறுபடி தட்டினார். புருவம் உயர்ந்தது.

"குப்பை போடாதீர்கள்ங்குது."

"ஆமா மிஸ்."

"மறுபடியும் அதையே சொல்லுது."

"அது ஒண்ணுதான் மிஸ் இருக்கு" என்றாள் சுபத்ரா.

மிஸ் ஹெட்போனைக் கழற்றினார். கோபமா, சிரிப்பா என்று தெரியாத ஒரு முகத்தோடு குமரவேலிடம் அதை நீட்டினார். அவனும் கேட்டான். மூன்று தடவை தட்டிவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"சரி. ஆனா என் சிவப்பு போகக் கூடாது" என்றான்.

"போகாதுடா. எது தலைப்புன்னு டேக்ல சொல்லுவோம். எப்படித் தெரியணும்ங்கறதைத் தனியா ஸ்டைல்ல எழுதுவோம். நீயே எழுது, உன் சிவப்பு உனக்குத்தான் தெரியும்."

மூவரும் உட்கார்ந்தார்கள். டெபோரா டேக்கை மாற்ற, குமரவேல் நிறத்தைச் சரிசெய்ய, சுபத்ரா ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, "ம், அடுத்தது" என்றாள். 'குப்பை போடாதீர்கள்' சாதாரண வரியாக மாறியது. ஆனால் பெரிதாகவும் பட்டையாகவும்தான் இருந்தது. கடைசிச் சில பெயர்களைச் சுபத்ரா கேட்டுப் பார்க்க நேரமில்லை; நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பக்கம் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் விழாவில் பக்கத்தைத் திரையில் காட்டியபோது கைதட்டல் பலமாக இருந்தது. நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று யாருக்கும் தெரியவில்லை. பின்வரிசையில் சுபத்ரா போனில் பறவைக்குப் பறவை தாவிக்கொண்டிருந்தாள். திடீரென்று நிமிர்ந்தாள்.

"டேய் குமரவேல், அது என்ன மின்கொத்தி? கரண்டைக் கொத்துமா?"

"மீன்கொத்திடி அது!"

"மின்கொத்தின்னுதான் வாசிக்குது."

டெபோரா பதறிப்போய்ப் பார்த்தாள். தலைப்பில், சிவப்பில், பெரிய எழுத்தில், 'மின்கொத்தி' என்றே இருந்தது.

"நான் பார்த்தேன், மிஸ் பார்த்தாங்க, ஹெச்.எம்.கூட பார்த்தாங்களே!" என்றான் குமரவேல்.

"எல்லாரும் பார்த்தீங்க" என்றாள் சுபத்ரா. "நான்தானே கேட்டேன்?"