கன்னத்தில் ஒதுக்கிய கவளம்

காலை எட்டு மணிக்கே நாத்தனார் தட்டைத் தூக்கிக்கொண்டு மேசையின் மறுகோடிக்குப் போய்விட்டாள்.

"குடலைப் புரட்டுது. பிள்ளை வாயில அப்படியொரு நாத்தம்... பெத்தவளுக்கு மூக்கு இருக்கா இல்லையா?"

ஐந்து வயதுச் சிட்டு வாயை இறுக மூடிக்கொண்டு அம்மாவைப் பார்த்தது. பிறவியிலேயே வாய்த்தசைகளில் வலுவில்லை. மூக்கில் மாட்டிய குழாய் வழியாக இறங்கிய உணவிலேயே வளர்ந்த பிள்ளை. அதைக் கழற்றி ஆறு மாதம்தான் ஆகிறது. சோப்புக் குமிழி ஊதவைத்து, உதட்டோரம் தேன் தடவி நக்கவைத்து, ஒரு வாய் விழுங்கினால் ஒரு பாசிமணி என்று கோத்துக் கொடுத்து அம்மா தேற்றிய பிள்ளை. மூன்று வாரமாக மணி ஏறவில்லை. ஊட்டினால் வாங்கிக்கொள்கிறது, அப்புறம் வாயைத் திறப்பதில்லை. பல் தேய்க்கப் போனால் விரலைக் கடிக்கிறது. எடையும் இறங்கிவிட்டது. இன்றும் இதே கதை என்றால் மறுபடி குழாய்தான் என்று, விழுங்கப் பயிற்சி தரும் தெரபிஸ்ட் சொல்லியிருந்தாள்.

"வாயைக் கழுவிவிடக்கூட வக்கில்ல, இதுல பயிற்சி வேற. பிள்ளையைப் போட்டு வதைக்கிறா, தம்பி."

கட்டியவன் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அக்கா சொல்றதும் சரிதானே" என்றான்.

அம்மாவுக்கும் குமட்டியது, பிள்ளையின் வாயால் அல்ல. ஐந்து வருஷத்தில் ஒரு நாள்கூட வாய் துடைக்க ஒரு துண்டை எடுத்துக் கொடுக்காத மனிதர்கள் தட்டைத் தள்ளி வைக்கும் அழகைப் பார்த்துத்தான். சீ, இதுவும் ஒரு சொந்தமா என்று இருந்தது.

"நானும் வரேன். அந்தத் தெரபிஸ்ட் பொண்ணுகிட்ட உன் லட்சணத்தைச் சொல்றேன்" என்று நாத்தனாரும் கிளம்பிவிட்டாள்.

பயிற்சி அறையில் தெரபிஸ்ட் பத்து நிமிஷம் பொம்மையோடு விளையாடிச் சிட்டுவின் வாயைத் திறக்கவைத்தாள். கையுறை மாட்டிய விரலால் வலது கன்னத்திலிருந்து எதையோ வழித்தெடுத்தாள். நேற்று ஊட்டிய உருளைக்கிழங்கு. பழுப்பேறி, கொழகொழவென்று நூலிழுத்தது. புளித்த நாற்றம் அறையை நிறைத்தது. நாத்தனார் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஏன் தங்கம், முழுங்காம வச்சிருக்க?"

சிட்டு பெருமையாகத் தன் பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்து நீட்டியது. பக்கம் பக்கமாக நட்சத்திர ஸ்டிக்கர்கள். "அத்தை... வழியலன்னா ஸ்டார்" என்று குழறியது. "அம்மாக்குச் சொல்லக்கூடாது."

நாத்தனாரின் முகம் வெளுத்தது. "வர்றவங்கல்லாம் பிள்ளையைப் பார்த்து மூஞ்சியைச் சுளிக்கிறாங்க... வாயிலேர்ந்து எதுவும் வெளிய வராம இருந்தா ஸ்டார்னு சொன்னேன். முழுங்கிடும்னுதான் நெனச்சேன்..."

"முழுங்கத்தாங்க அதுக்கு இன்னும் சரியா வராது. அடக்கி வைக்கத்தான் வரும்" என்றாள் தெரபிஸ்ட். "தூக்கத்துல மூச்சுக்குழாய்க்குள்ள போயிருந்தா என்ன ஆயிருக்கும்?"

வாயைக் கழுவிவிட்டு, மசித்த பழத்தை அவள் ஒரு ஸ்பூன் எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள். சிட்டு அம்மாவைப் பார்க்கவில்லை. அத்தையைத்தான் பார்த்தது.

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. தன் மேல் பழி சுமத்தியவள் கையிலேயே ஸ்பூனை வைத்தாள்.

"எச்சிலைப் பார்த்து நான் ஒரு நாளும் அருவருப்புப்பட்டதில்ல அண்ணி. இன்னிக்குக் காலையில உங்களைப் பார்த்துத்தான் பட்டேன். ஆனா பிள்ளை இப்ப நீங்க சொன்னாத்தான் கேக்கும். ஊட்டுங்க."

நாத்தனார் ஊட்டினாள். சிட்டுவுக்குப் புரையேறியது. பழமும் எச்சிலும் கலந்து அத்தையின் முகத்தில் தெறித்துக் கன்னத்தில் வழிந்தது. பிள்ளை பயந்துபோய் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டது. இருமல் அடங்கும்வரை தெரபிஸ்ட் அதன் முதுகைத் தாங்கிப் பிடித்தாள்.

நாத்தனார் முகத்தைத் துடைக்கவில்லை. பிள்ளையின் கைகளைத்தான் விலக்கினாள்.

"வழியட்டும்டி கண்ணு. துப்பு, கொட்டு... அத்தை சொன்னது தப்பு. முழுங்கினா போதும்."

இரண்டாவது வாயில் பாதி மோவாயில் வழிந்தது. மீதி உள்ளே போயிற்று. மெலிந்த தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியதை மூன்று பேரும் பார்த்தார்கள்.

நாத்தனார் உடைந்துபோனாள். "பாவி நான்... என்னை மன்னிச்சிடும்மா..." என்று அம்மாவின் தோளில் சாய்ந்து அழுதாள். பிள்ளையின் எச்சில் இருவர் கன்னத்திலும் ஒட்டியது.

அம்மாவுக்கும் கண் நிறைந்தது. ஆனாலும் நாத்தனாரை மெல்ல நிமிர்த்தி உட்காரவைத்தாள்.

"அப்புறம் அழலாம் அண்ணி. பிள்ளை வாயைத் திறந்துட்டு உக்காந்திருக்கு."