நிற்கத் தெரியாத நீலக் கார்

காயல்பட்டினத்தில் ஒரு நீலக் கார் இருந்தது. அதற்கு ஓடத் தெரியும். ஹாரன் அடிக்கத் தெரியும். மழை பெய்தால் ஒழுகக்கூடத் தெரியும். நிற்க மட்டும் தெரியாது.

ஐம்பது வயதுக் கார் அது. "இதுக்கு மூஞ்சி இருக்கு பாரு! இப்ப வார காருக்கெல்லாம் மூஞ்சியே இல்ல" என்று சொல்லித்தான் அஸ்மாவின் வாப்பா மஹ்மூது அதை வாங்கினார்.

வாப்பாவுக்குத் துபாயில் வேலை. வெள்ளிக்கிழமைதோறும் வீடியோவில் பேசும்போது அவரும் அஸ்மாவும் சேர்ந்து ஒரு கனவு கண்டார்கள். வாப்பா லீவில் வருவார். உம்மா முன்சீட்டில், அஸ்மா பின்சீட்டில். ஆறு தாண்டி, உப்பளம் தாண்டி, தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கப்பல் பார்க்கப் போவார்கள். அவ்வளவுதான் கனவு. ஆனால் அதை எத்தனை முறை பேசினாலும் அவர்களுக்கு அலுக்கவில்லை.

வாப்பா வந்தார். காரும் வந்தது. முதல் ஓட்டத்திலேயே கனவில் மண் விழுந்தது.

கடைத்தெரு வளைவில் வாப்பா பிரேக்கை மிதித்தார். கார் கேட்டால்தானே! அசைந்து அசைந்து போய், ஆறுமுகநயினார் அண்ணாச்சியின் இளநீர்க் குவியலில் முட்டிய பிறகுதான் நின்றது. இளநீர்கள் தெரு முழுக்க உருண்டன. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை.

"இளநி வேணும்னா இறங்கி வந்து கேக்கலாம்லா, பாய்?" என்றார் அண்ணாச்சி.

தெருவே சிரித்தது. உம்மா சிரிக்கவில்லை. காரை விட்டு இறங்கி, பெண்கள் நடக்கும் சின்ன முடுக்கு வழியாக விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்விட்டார்.

"இந்தக் கார் நிக்கப் படிக்கிற வரைக்கும் நான் ஏறமாட்டேன்" என்று சொல்லியும் விட்டார். உம்மா சொன்னால் சொன்னதுதான்.

அதனால்தான் அந்தச் சனிக்கிழமை, ஜாபேஸ் என்ற மெக்கானிக் அண்ணன் சாயர்புரத்திலிருந்து பைக்கில் வந்தார். பைக்கின் பின்னால் ஒரு பெட்டி. அதற்குள் புதுக் கார்களுக்குப் போடும் டிஸ்க் பிரேக்.

பளபளக்கும் ஒரு வட்டத்தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். பிரேக்கை மிதித்தால், காலிப்பர் என்ற இரும்புக் கை அந்தத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும். கார் நின்றுவிடும். முன்சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டையும் ஜாபேஸ் அண்ணன் மத்தியானத்துக்குள் மாட்டிவிட்டார்.

"கிழவருக்குப் புதுப் பல்லு கட்டுதீங்களாக்கும்?" என்று உம்மா ஜன்னல் வழியே கேட்டார்.

"ஆமாக்கா. இனிமே முறுக்கே கடிப்பாரு!"

அடுத்தது ஏர் எடுக்கும் வேலை. பிரேக் பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே மெல்லிய குழாயில் ஆயில் ஓடும். அதற்குள் கொஞ்சம் காற்று மாட்டிக்கொண்டாலும் போச்சு, பிரேக் பிடிக்காது. மேலே ஒருவர் மிதிக்க வேண்டும். கீழே ஒருவர் காலிப்பரில் உள்ள குட்டி நட்டைத் திறந்து காற்றை வெளியே விட வேண்டும்.

மிதிக்கும் வேலை அஸ்மாவுக்குக் கிடைத்தது. சீட்டின் நுனியில் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

"மிதி... மிதி... பிடிச்சுக்கோ!" என்றார் ஜாபேஸ் அண்ணன். "சரி, விடு!"

கடற்காற்று ஜன்னல் வழியே வந்து முகத்தைத் தடவியது. மிதி, பிடி, விடு. மிதி, பிடி, விடு. அஸ்மாவின் கண்கள் சொக்கின.

கார் மெல்லக் கடலுக்குள் இறங்கியது. பாசிகள் ஆடின. ஒரு மீன் கூட்டம் விளக்கு வெளிச்சத்தைக் கடந்து போனது. முத்துக் குளிக்கும் ஒருவர் கண்ணாடியைத் தட்டி, "துறைமுகத்துக்கா? நேரே போங்க" என்று கை காட்டினார். அவர் வாயிலிருந்து குமிழிகள் கிளம்பி, மேலே மேலே வெளிச்சத்தைப் பார்த்துப் போயின.

"ஏளா அஸ்மா! தூங்கிட்டியா? விடு!" வாப்பாவின் குரல் கேட்டது. கடல் மறைந்துவிட்டது.

வெயில் சாய்ந்தது. ஆயில் டப்பா காலியாகிக்கொண்டே வந்தது. நட்டைத் திறந்தால் குமிழியே இல்லாத சுத்தமான ஆயில்தான் வந்தது. ஆனால் மிதித்தால், கால் பஞ்சு மெத்தையில் புதைவதுபோல உள்ளே போனது.

ஜாபேஸ் அண்ணன் வியர்வையைத் துடைத்தார். "எங்கயோ காத்து நிக்கி. எங்கன்னுதான் தெரியல. செவ்வாய்க்கிழம எங்க முதலாளிகிட்ட கேட்டுட்டு வாரேன், பாய்."

செவ்வாய்க்கிழமை! திங்கட்கிழமை விடியும்போதே வாப்பா விமானத்தில் இருப்பார்.

"சரிப்பா" என்று வாப்பா சிரித்தார். அஸ்மாவுக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும். லீவு கிடைக்கவில்லை என்று சொல்லும்போது வீடியோவில் அவர் சிரிக்கும் சிரிப்பு அது. அழுகையைவிட மோசமானது.

"அடுத்த லீவுல போவோம், மவளே."

அஸ்மா தலையாட்டினாள்.

"கை முழுக்க ஆயில். போய்ச் சோப்புப் போட்டுக் கழுவு" என்று உம்மா அனுப்பினார்.

குளியலறையில் வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. கோபத்தில் அஸ்மா குவளையைக் கவிழ்த்து வாளிக்குள் அழுத்தினாள். குவளை எதிர்த்துத் தள்ளியது. உள்ளே காற்று இருந்தது. எவ்வளவு அழுத்தியும் அது வெளியே வரவில்லை. அவள் கை வழுக்கி, குவளை கொஞ்சம் சாய்ந்தது. புளுக்! பெரிய குமிழி ஒன்று மேலே ஓடி வந்தது.

இன்னொரு முறை செய்தாள். வாய் கீழே இருந்தால் காற்று உள்ளேயே நின்றது. வாயை மேலே திருப்பினால் ஓடியே போனது.

அஸ்மா குவளையோடு வெளியே ஓடினாள். கையில் சோப்பு நுரை. நேராகச் சக்கரத்தின் முன்னால் குனிந்து பார்த்தாள். அடுத்த சக்கரத்தையும் பார்த்தாள்.

"அண்ணே, காத்து மேலதான போகும்?"

பைக்கில் ஏறப்போன ஜாபேஸ் அண்ணன் திரும்பினார். "ஆமா."

"அப்ப கதவு ஏன் கீழ இருக்கு?"

"எந்தக் கதவு, பாப்பா?"

அவள் காலிப்பரில் இருந்த குட்டி நட்டைக் காட்டினாள். அது காலிப்பரின் அடியில் இருந்தது. காரைக் கழுவ வைத்திருந்த வாளித் தண்ணீரில் குவளையைக் கவிழ்த்து அழுத்தினாள். "பாருங்க, வெளிய வர மாட்டேங்கு. இப்பப் பாருங்க." குவளையைச் சாய்த்தாள். புளுக்!

ஜாபேஸ் அண்ணன் இடது சக்கரத்தைப் பார்த்தார். வலது சக்கரத்தைப் பார்த்தார். பிறகு தலையில் கைவைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஏ அப்பா! வலதுக்கு உள்ளத இடதுல மாட்டிட்டேன். இடதுக்கு உள்ளத வலதுல மாட்டிட்டேன். ஆயில் கீழ வந்துச்சு, காத்து மேலயே ஒளிஞ்சிக்கிடுச்சு!" அவர் காது சிவந்துபோனது.

அஸ்மாவுக்குப் பாவமாக இருந்தது. "பரவால்லண்ணே, நானும் செருப்ப மாத்தித்தான் போடுவேன்" என்றாள்.

ஜாபேஸ் அண்ணன் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே சக்கரத்தைக் கழற்ற ஆரம்பித்தார். காலிப்பர்களை இடம் மாற்றியதும் நட்டு இரண்டும் மேலே வந்தன. அஸ்மா மறுபடி சீட்டில் ஏறி மிதித்தாள். குழாயில் குமிழிகள் கூட்டம் கூட்டமாக வெளியேறின. கடைசிக் குமிழி போனதும் அவள் கால் டக்கென்று நின்றது. பிரேக் கல்லாக இருந்தது.

ஆளில்லாத ரோட்டில் ஜாபேஸ் அண்ணனும் வாப்பாவும் போகவும் நிற்கவுமாக ஓட்டிப் பார்த்தார்கள். கார் ஒவ்வொரு தடவையும் சொன்ன பேச்சைக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை உம்மா முடுக்கு வாசலில் வந்து நின்றார். காரைச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து பிரேக்கைத் தாமே ஒரு மிதி மிதித்தார். பிறகு முன்சீட்டில் போய் உட்கார்ந்தார். அஸ்மாவுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது.

ஊர் எல்லையில் உம்மா, "நிறுத்துங்க" என்றார்.

கார் நின்றது.

"என்ன?" என்று வாப்பா பதறினார்.

"சும்மாதான். நிக்கான்னு பாத்தேன். போங்க."

ஆத்தூரில் வெற்றிலை வாங்க நிறுத்தச் சொன்னார். பாலத்தைத் தாண்டியதும் ஆற்றைப் பார்க்க நிறுத்தச் சொன்னார். முள்ளக்காட்டில் உப்பளத் தண்ணீர் முழுக்க ஆகாயம் கிடந்தது. வெள்ளைப் பறவைகள் அதற்குள் நடந்துகொண்டிருந்தன. அங்கேயும் நிறுத்தச் சொன்னார். மூன்று பேரும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உம்மா பிரேக்கைச் சோதிக்கவில்லை என்பது அப்போது அஸ்மாவுக்குப் புரிந்தது. விடிந்தால் வாப்பா போய்விடுவார். நிற்க நிற்க, அந்த நாள் நீண்டுகொண்டே போனது.

துறைமுகத்துக் கப்பல்களில் விளக்கு எரியத் தொடங்கிய பிறகுதான் போய்ச் சேர்ந்தார்கள். கடல்மேல் வெளிச்சங்கள் மிதந்தன. பார்க்கப் பார்க்க, வீடியோவில் கண்ட கனவைவிட இதுதான் நன்றாக இருந்தது.

திரும்பும்போது உம்மா தூங்கிவிட்டார். வாப்பா மெதுவாகப் பாடிக்கொண்டே ஓட்டினார். வீட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்தது.

"வாப்பா, நிறுத்துங்க!" என்றாள் அஸ்மா.

கார் உடனே நின்றது.